அட்டிலும் மழலையும்

‘அடு’ என்னும் வினையடி தமிழில் மூன்று பொருள்பட வழங்குவதைக் கற்றோர் அறிவர். அடுதல் என்றால் சமைத்தல். அடுப்பும் அட்டிலும் அடிசிலும் அப்பொருளில் பிறந்த சொற்கள். அடுதல் என்றால் கொல்லுதலும் வெல்லுதலுமாம். அடுபோர், அடுகளம் என்னும் தொடர்களில் அப்பொருள் நிற்கிறது. அடுத்தல் என்றால் கிட்டுதல், அண்டுதல். அடுத்த வீடு என்று நாம் நாள்தோறும் சொல்லுவது இப்பொருளிலேயே. இம்மூன்றும் ஒரே வேரிலிருந்து கிளைத்தனவா, வெவ்வேறு வேர்கள் ஒலியால் ஒன்றுபட்டனவா என்னும் ஆராய்ச்சியைச் சொல்லிலக்கணம் வல்லார்க்கு விட்டுவிடுவோம். நம் ஒவ்வொருவர் வீட்டிலும் ஓர் அறையில் இம்மூன்று பொருளும் ஒருங்கே குடியிருக்கின்றன என்பதே ஈண்டு நாம் எண்ணவேண்டியது. உணவு ஆவதும் அங்கே. உயிருக்கு ஊறு நேர்வதும் அங்கே. குழந்தை தாயை அண்டி நிற்பதும் அங்கேதான்.

யாழ்ப்பாணத்தார் குசினி என்பர்; அது போர்த்துக்கீசர் விட்டுச்சென்ற சொல். பண்டை நூல்கள் அட்டில் என்றன. கோயிலார் மடைப்பள்ளி என்பர். பெயர் எதுவாயினும், நடக்கத் தொடங்கிய குழந்தை வீட்டில் முதலில் நாடிச்செல்லும் இடம் அதுவே. மணம் அங்கிருந்து வருகிறது. ஓசை அங்கிருந்து வருகிறது. தாயும் அங்கே இருக்கிறாள். கடுகண்ணாவை போன்ற மலைப்பாங்கான ஊர்களில் மற்றொரு காரணமும் உண்டு. கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் அமைந்த இக்கணவாயில் மழைக்காலத்து விடியற்பொழுது குளிர்ந்திருக்கும். அடுப்படிதான் அப்போது வீட்டின் வெதுவெதுப்பான மூலை. குழந்தை அங்கே போகாதிருக்க வேண்டும் என்று கட்டளையிடுவது, கோழிக்குஞ்சைத் தாய்க்கோழியின் இறகுக்குள் நுழையாதே என்று தடுப்பதற்கு ஒப்பாகும்.

ஆகவே நம் முன் உள்ள வினா, குழந்தையை அடுக்களைக்குள் விடுவதா, விலக்குவதா என்பதன்று. குழந்தை வரத்தான் போகிறது. வரும் குழந்தைக்கேற்ப அடுக்களையை எவ்வாறு அமைப்பது என்பதே வினா.

இலக்கியம் காட்டும் அடுக்களை

குழந்தையும் சோறும் சேர்ந்த காட்சியைப் பாண்டியன் அறிவுடைநம்பி புறநானூற்றின் 188ஆம் பாட்டில் வரைந்து வைத்திருக்கிறான். குறுகுறுவென நடந்து வந்து, சிறு கையை நீட்டி, நெய்யிட்ட சோற்றைத் தொட்டும் கவ்வியும் துழாவியும் மேனியெல்லாம் பூசிக்கொள்ளும் மக்களைப் பெறாதார்க்குச் செல்வம் எவ்வளவு இருந்தும் வாழ்நாளால் பயனில்லை என்கிறான் அம்மன்னன். வள்ளுவரும் மக்கட்பேறு என்னும் அதிகாரத்தில், தம் மக்களின் சிறு கை அளாவிய கூழ் அமிழ்தினும் இனியது என்னும் கருத்தை வைத்தார். குழந்தையின் கை உணவில் படுவதை நம் முன்னோர் குற்றமாகக் கொள்ளவில்லை, பேறாகக் கொண்டனர்.

அடுக்களையின் மற்றொரு முகத்தைக் கூடலூர் கிழார் குறுந்தொகையின் 167ஆம் பாட்டில் காட்டுகிறார். புதிதாக மணமான பெண், கட்டித் தயிரைப் பிசைந்த விரலோடு, தாளிப்பின் புகை கண்ணை நிறைக்கத் தானே துழாவிச் சமைக்கிறாள். கணவன் இனிது என்று உண்கிறான். அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. அப்பாட்டின் அன்பை நாம் வகுப்பறையில் விரித்துரைக்கிறோம், விரித்துரைக்கத் தகுந்ததே. ஆயினும் அந்தப் புகையையும் ஒரு கணம் நின்று நோக்க வேண்டும். அப்பெண்ணின் கண்ணை நிறைத்த புகை, பின்னாளில் அவள் இடுப்பில் இருந்த குழந்தையின் நெஞ்சையும் நிறைத்திருக்கும் அன்றோ?

அது கவிஞர்க்கு அழகிய குறிப்பு. இன்றைய மருத்துவர்க்கு நோயின் காரணம். விறகு, மண்ணெண்ணெய் முதலியவற்றால் வீட்டுக்குள் எழும் புகை மாசினால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் மாண்டனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. அவருள் 2,37,000க்கு மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். சளிச்சுரமே அவர்களுட் பலரைக் கொண்டுபோயிற்று.

தீயினும் கொடிது கொதிநீர்

அடுக்களையின் ஆபத்து என்றவுடன் தீச்சுவாலையே நம் நினைவுக்கு வருகிறது. சிறு குழந்தைகளைப் பெரிதும் சுடுவது சுவாலையன்று. கொதிநீர், தேநீர், கஞ்சி, குழம்பு ஆகியனவே. குழந்தையின் தோல் வளர்ந்தோர் தோலினும் மெல்லியது. 60 பாகை செல்சியசு வெப்பமுள்ள நீர் வளர்ந்தவரின் தோலை ஏறத்தாழ ஐந்து விநாடியில் ஆழமாகச் சுட்டுவிடும். குழந்தைக்கு அவ்வளவு நேரமும் வேண்டியதில்லை. அடுப்பிலிருந்து இறக்கிய தேநீரோ அதைவிட எவ்வளவோ சூடானது. கோப்பையில் ஊற்றிக் கால் மணி நேரம் ஆன பின்னும் அது குழந்தையைச் சுடவல்லது. தேயிலை விளையும் நாட்டில், நாளுக்கு நாலைந்து முறை கேத்தலில் நீர் கொதிக்கும் வீடுகளில் வாழும் நமக்கு இச்செய்தி மிகவும் வேண்டியது.

இவ்விடத்தில் அடுப்பின் உயரத்தைப் பற்றியும் ஒரு சொல். முன்னாளில் அடுப்பு தரையில் இருந்தது. மூன்று கல்லை வைத்து, எதிரே அமர்ந்து சமைத்தனர். தவழும் குழந்தையின் கண்ணும் அடுப்பின் வாயும் ஒரே மட்டத்தில் இருந்தன. பின்னர் மேடை வந்தது. தீ குழந்தையின் கைக்கெட்டாமல் உயர்ந்தது. ஆனால் ஆபத்து உருமாறியதேயன்றி ஒழியவில்லை. தரையில் இருந்த பானையைக் குழந்தை கண்டது. மேடைமேல் இருப்பதை அது காணாது. காணாததாலேயே எட்டி இழுக்கிறது. பிடியுள்ள பாத்திரத்தின் பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது பற்றிக்கொள்ளும் கொம்பாகிறது. மேசைவிரிப்பின் நுனி தொங்கினால் அதுவும் ஒரு கயிறே. குழந்தையின் பிழை இதில் எள்ளளவும் இல்லை. எழுந்து நிற்கக் கற்கும் உயிர் எதையேனும் பற்றித்தானே எழ வேண்டும்?

பத்துக்குப் பன்னிரண்டு

இதுகாறும் கூறியவை தனி அடுக்களை உள்ள வீடுகளுக்குப் பொருந்தும். கண்டியைச் சூழ்ந்த மலைகளில், தனி அடுக்களையே இல்லாத இல்லங்களும் இன்றளவும் உள்ளன. கோப்பிக் காலத்தில் தொடங்கித் தேயிலைக் காலத்தில் நிலைபெற்ற லயங்களே அவை. லயத்துக் காம்பரா ஒன்றின் வழக்கமான அளவு பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதாவது 120 சதுர அடி, ஏறத்தாழ 11 சதுர மீற்றர். உறங்குவதும் உண்பதும் பிள்ளை படிப்பதும் அதற்குள்ளேயே. அடுப்பு அக்காம்பராவின் மூலையிலோ முன்புறத்து இஸ்தோப்பிலோ இருக்கும். புகைபோக்கி இல்லாத இடங்கள் பல. காலைப் பெரட்டுக்குச் செல்ல வேண்டிய தாய், பொழுது புலருமுன் எழுந்து, உறங்கும் குழந்தைக்கு இரண்டு முழத் தொலைவில் தீ மூட்டி, அவசர அவசரமாக ரொட்டி சுட்டுத் தேநீர் கொதிக்கவைக்கிறாள்.

இதனோடு மற்றோர் அளவை ஒப்பிட்டு நோக்குவோம். 1926ஆம் ஆண்டில் ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரில், தொழிலாளர் குடியிருப்புகளுக்கென மார்கரெட் சூட்டே-லிகொட்ஸ்கி என்னும் ஆஸ்திரியக் கட்டடக்கலைஞர் ஓர் அடுக்களையை வகுத்தார். 1.9 மீற்றர் அகலம், 3.4 மீற்றர் நீளம். ஏறத்தாழ ஆறரை சதுர மீற்றர். சிறியதுதான், எனினும் சமையலுக்கு மட்டுமே உரியது. கூடத்துக்கும் அடுக்களைக்கும் இடையே அகன்ற தள்ளுகதவு ஒன்றை அவர் வைத்தார். சமைக்கும் தாய் கூடத்தில் விளையாடும் குழந்தையைக் கண்காணிப்பதற்காக. அவ்வமைப்பு ஏறத்தாழ பத்தாயிரம் வீடுகளில் இடம்பெற்றது. இன்று உலகெங்கும் காணும் மேடையடுக்களைகளுக்கு அதுவே முன்மாதிரி. பிராங்பேர்ட்டில் ஒரு தொழிலாளியின் அடுக்களைக்கு மட்டும் ஒதுக்கிய இடத்தின் இருமடங்குகூட இல்லாத இடத்தில், நம் மலையகத் தொழிலாளியின் முழுக் குடும்பமும் வாழ்ந்தது. பல இடங்களில் இன்றும் வாழ்கிறது.

பிராங்பேர்ட் அடுக்களையிலும் ஒரு குறை உண்டு. ஒருவர் நிற்கவே இடமுள்ள அவ்வறையில் பிள்ளை நுழைந்து கைகொடுக்க வழியில்லை. குழந்தை தாயின் கண்ணுக்குள் இருந்தது. அடுப்பின் சூட்டிலிருந்து காக்கப்பட்டது. ஆனால் சமையலிலிருந்தும் விலக்கப்பட்டது. காத்தலும் வரவேற்றலும் ஒருங்கே அமைய வேண்டும் என்பதையே அக்குறை நமக்கு உணர்த்துகிறது.

இந்திய அரசின் உதவியுடன் மலையகத்தில் கட்டப்படும் தனிவீடுகள் ஒவ்வொன்றும் 7 பேர்ச்சஸ் நிலத்தில் 550 சதுர அடிப் பரப்பில் அமைந்தவை. அவற்றில் சமையலறை தனியே உண்டு. முதலில் 4,000 வீடுகள் திட்டமிடப்பட்டன; 2017ஆம் ஆண்டு மே மாதம் நோர்வூட்டில் நடந்த கூட்டத்தில் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. இதனை வீட்டுரிமை என்றும் நிலவுரிமை என்றும் பேசுகிறோம். ஒரு சுவர் எழுந்து அடுப்பையும் தொட்டிலையும் பிரிக்கும்போது ஒரு குழந்தையின் மேனி காக்கப்படுகிறது என்பதையும் அப்பேச்சில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

விளக்கும் அடுப்பும்

இந்நாட்டில் தோன்றிய இரண்டு எளிய பொருள்களை இங்கே குறிப்பிடுதல் தகும்.

ஒன்று, குப்பி விளக்கு பற்றியது. மின்சாரம் இல்லாத வீடுகளில், வெற்றுப் போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரியிட்டு எரிப்பது நெடுங்கால வழக்கு. உயர்ந்து ஒடுங்கிய போத்தல் கைபட்டால் சாயும், சாய்ந்தால் உருளும், உருண்டால் மூடி கழன்று எண்ணெய் சிந்தித் தீப்பற்றும். அவ்வாறு எரிந்து வந்தோர்க்கு அறுவைச் சிகிச்சை செய்த வைத்தியர் விஜய கொடகும்புர, புண்ணை ஆற்றுவதோடு அமையாமல் விளக்கையே திருத்த முற்பட்டார். அவர் வகுத்த விளக்கு குட்டையானது, கனத்த கண்ணாடியாலானது, எளிதில் சாயாது. சாய்ந்தாலும் உருளாதபடி இரு பக்கமும் தட்டையாக இருக்கும்; எண்ணெய் சிந்தாதபடி உலோக மூடி திருகி இறுக்கப்பட்டிருக்கும். 1998ஆம் ஆண்டில் இப்பணிக்காக அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. இலட்சக்கணக்கான விளக்குகள் நாடெங்கும் சென்றன. இன்று பெரும்பாலான வீடுகளுக்கு மின்சாரம் எட்டிவிட்டது. எனினும் 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் நின்றபோது, மறந்த விளக்குகளைப் பரணிலிருந்து நாம் இறக்கியதை மறத்தல் இயலாது. சாயாத விளக்கு அன்றும் வேண்டியிருந்தது, இனியும் வேண்டியிருக்கலாம்.

மற்றொன்று, அனகி என்னும் மண்ணடுப்பு. குயவர் களிமண்ணால் வனைந்து சுட்டது; ஒரு தீயில் இரு பானை ஏற்றலாம். மூன்று கல் அடுப்பில் தீ நாற்புறமும் சிதறும். இதிலோ தீ உள்ளேயே அடங்கிப் பானையின் அடியைத் தாக்கும். ஆகவே விறகும் குறைவு. குழந்தையின் பக்கம் நீளும் சுவாலையும் குறைவு. சுற்றிலும் மண் அணைத்து மேடைபோல் கட்டிவிட்டால் அடுப்பு அசையாது. புகை இதிலும் உண்டு. ஆதலால் சாளரமோ கூரையில் இடைவெளியோ இன்றியமையாதது. ஈர விறகு புகையைப் பெருக்கும். மழை மிகுந்த நம் ஊர்களில் விறகை முன்னதாகவே காயவைத்து எடுத்துவைப்பதும் குழந்தைக் காப்பே ஆகும்.

வாயு அடுப்பு உள்ளோர் தமக்கு இவ்வாபத்துகள் இல்லை என்று எண்ணியிருந்தனர். 2021ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாட்டின் பல பகுதிகளில் சமையல் வாயு வெடித்த செய்திகள் அவ்வெண்ணத்தைக் குலைத்தன. அவ்வாயு காற்றினும் கனமானது. கசிந்தால் மேலே செல்லாது, தரையில் படியும். தரையில் இருப்பதோ குழந்தை. மணம் கண்டவுடன் மின்விசையைத் தொடாமல், தீக்குச்சி உரசாமல், முதலில் குழந்தையை வெளியே எடுத்துச்சென்று, கதவு சாளரங்களைத் திறந்துவிட வேண்டும். இரவில் உறங்குமுன் சிலிண்டரின் வாயை அடைப்பதை விளக்கணைப்பது போன்ற வழக்கமாக்கிக்கொள்ளலாம்.

எல்லைக்கோடு

கண்டிப் பெருவழி கடுகண்ணாவையில் மலையைக் குடைந்தும் வளைந்தும் ஏறுகிறது. ஒரு புறம் பாறை; மறுபுறம் பள்ளம். பள்ளம் இருக்கிறது என்று யாரும் பாதையை மூடவில்லை. ஓரத்தில் தாழ்ந்த சுவரை எழுப்பினர். அடுக்களைக்கும் அதுவே நெறி.

அடுப்பைச் சுற்றி மூன்றடி தூரத்தைக் குழந்தை புகாத வட்டமாகக் கொள்ளுக. நம் பெண்டிர் நாள்தோறும் கோலமிட்டுப் பழகியவர்கள். அதே கையால் காவியிலோ செம்மண்ணிலோ தரையில் ஒரு கோடு இழுப்பது அரிதன்று. பேசத் தொடங்கிய குழந்தைக்கு அக்கோடு ஒரு விளையாட்டாகவே பழகிவிடும். இன்னும் பேச்சு அறியாத குழந்தைக்குக் கோடு போதாது; வாசலில் முழங்கால் உயரத்துக்கும் சற்று மேலாக ஒரு மரத்தட்டி வேண்டும். லயத்தில் வாழ்வோர் பழைய பலகைகளைக் கொண்டே இதனை அமைத்துக்கொள்ளலாம்.

கொதிப்பன யாவும் பின்வரிசை அடுப்பில் இருக்க. பிடிகள் சுவரை நோக்கியிருக்க. இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு தேநீர் ஊற்றுதல் ஒருபோதும் வேண்டா. அரிவாள்மனையும் கத்தியும் வேலை முடிந்தவுடன் உயரத்தில் ஏறட்டும்; திருவலையின் பல்லுள்ள நுனிக்கு ஒரு சிரட்டையை மூடியாகக் கவிழ்த்துவைக்கலாம். நீர் நிறைந்த வாளியையும் பீப்பாயையும் மூடியின்றி விடலாகாது. சில அங்குல ஆழமுள்ள நீரே தவழும் குழந்தையின் உயிரைக் கவரப் போதும். நிலக்கடலை, முழுத் திராட்சை போன்றவற்றை ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் கைக்கெட்ட வைத்தல் தகாது, மூச்சுக்குழலை அடைத்துவிடும்.

யாவற்றினும் முதன்மையானது ஒன்று. மண்ணெண்ணெயையும் வெளுக்கும் திராவகத்தையும் தோட்டத்து மருந்தையும் சோடாப் போத்தலிலோ தண்ணீர்ப் போத்தலிலோ ஊற்றிவைக்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. குழந்தை எழுத்தறியாது, போத்தலின் உருவத்தையே அறியும். இனிப்புநீர் வந்த போத்தலில் இனிப்புநீரே இருக்கும் என்று அது நம்புகிறது. நம்பிக்கையைக் கொடுத்தவர்கள் நாம்தாம். ஒருவேளை மண்ணெண்ணெய் குடித்துவிட்டால் வாந்தியெடுக்க வைத்தல் கூடாது. வாந்தியில் மீண்டு வரும் எண்ணெய் நுரையீரலுக்குள் புகுந்து பெருந்தீங்கு விளைக்கும். அப்படியே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வதே வழி.

அடுக்களை ஓர் அகராதி

இனி வரவேற்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆசிரியர்களாகிய நமக்கு இப்பகுதி மிகவும் உரியது.

ஆய்தல், புடைத்தல், கொழித்தல், அரிதல், நறுக்குதல், வகிர்தல், துருவுதல், பிசைதல், உதிர்த்தல், துழாவுதல், கிண்டுதல், வதக்குதல், வறுத்தல், பொரித்தல், அவித்தல், வடித்தல், தாளித்தல். இவ்வினைகளின் நுண்ணிய வேறுபாட்டை எந்தப் பாடநூல் கற்பிக்கும்? கீரையை ஆய்வர், வெங்காயத்தை ஆய்வதில்லை, உரிப்பர். அரிசியைப் புடைப்பர், மாவைச் சலிப்பர். நறுக்குதலுக்கும் அரிதலுக்கும், வறுத்தலுக்கும் வதக்குதலுக்கும் உள்ள வேற்றுமையை அடுப்படியில் நின்ற பிள்ளை விளக்கமின்றி அறியும். சிட்டிகை, பிடி, சுண்டு, கொத்து என்னும் அளவைகளும் அவ்வாறே கையோடு வருவன. உயர்வகுப்பில் இவற்றையெல்லாம் சேர்த்துச் ‘செய்தல்’ என்னும் ஒரே சொல்லால் எழுதும் மாணவர்களைக் காண்கிறோம். ‘அம்மா கீரை செய்தாள், சோறு செய்தாள்’ என்று எழுதுகிறார்கள். மொழி தேய்கிறது என்று வருந்துகிறோம். பிள்ளையை அடுக்களையிலிருந்து வெளியேற்றிக் கைப்பேசியின் முன் அமர்த்திய நாளிலேயே அச்சொற்களையும் வெளியேற்றிவிட்டோம் அல்லவா?

மரியா மொண்டிசோரி அம்மையார் 1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் உரோம் நகரின் சான் லொரென்சோப் பகுதியில், ஏழைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்காக ஒரு குழந்தையர் இல்லத்தைத் திறந்தார். பிள்ளையின் உயரத்துக்கு மேசை, பிள்ளையின் கைக்கு அடங்கும் குவளை, பிள்ளை தானே எடுத்துத் தானே வைக்கத்தக்க தாழ்ந்த தட்டு என அனைத்தையும் குழந்தையின் அளவுக்கு அமைத்தார். நீர் ஊற்றுதலும் பெருக்குதலும் துடைத்தலும் உணவு பரிமாறுதலும் அங்கே பாடங்களாயின. 1939ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்து அடையாற்றிலும் கொடைக்கானலிலும் தங்கிக் கற்பித்த அவர், 1944இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்க்குப் பயிற்சியளித்தார். இன்று நம் ஊர்களில் பாலர் பாடசாலையையே மொண்டிசோரி என்று அழைக்கிறோம். பெயரை ஏற்றுக்கொண்ட நாம், அவர் கற்பித்த அந்தத் தாழ்ந்த தட்டை வீட்டு அடுக்களையில் வைக்க மறந்துவிட்டோம்.

இது நமக்கு அந்நியமான கருத்தும் அன்று. சிற்றில் இழைத்தலும் சிறுசோறு ஆக்குதலும் நம் பிள்ளைத்தமிழ் மரபு போற்றிய விளையாட்டுகள். மணலைச் சோறாக்கி விளையாடிய பிள்ளை, கோட்டுக்கு இப்பால் ஒரு மணையில் அமர்ந்து மெய்யான சோற்றுக்குத் துணைநிற்கலாம். இரண்டு வயதில் சட்டியில் மரக்கறியைக் கழுவலாம். மூன்று வயதில் கீரை ஆயலாம்; சின்ன வெங்காயத்தின் சருகை உரிக்கலாம். நான்கு வயதில் சிறு சுளகில் பயறு பொறுக்கலாம், மாவு உருட்டலாம். ஐந்து வயதில் ஆளுக்கொரு தட்டென எண்ணிப் பரப்பலாம். அடுப்பும் கத்தியும் பின்னர் வரும். ஒவ்வொன்றையும் பெரியவர் அருகே நின்று கற்பிக்க வேண்டும். இவற்றில் ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்னும் பிரிவு வேண்டியதில்லை. வள்ளுவர் ‘மக்கள்’ என்றே கூறினார்.

வேலையில் ஈடுபட்டுள்ள குழந்தையே பாதுகாப்பான குழந்தை. தன் இடமும் தன் கடமையும் அறிந்த பிள்ளை கோட்டைத் தாண்டுவது குறைவு. விரட்டப்பட்ட பிள்ளையே கண்மறைவில் திரும்பிவந்து பானையை இழுக்கிறது.

சுட்டுவிட்டால்

எவ்வளவு காத்தும் சிலவேளை பட்டுவிடும். அப்போது செய்யவேண்டுவது எளிது: சுட்ட இடத்தின் மேல் குளிர்ந்த, ஓடும் தூய நீரை இருபது நிமிடம் விடுக. மூன்று மணி நேரத்துக்குள் செய்தாலும் பயனுண்டு. உடனே செய்தல் நன்று. சூடான ஆடையையும் காப்பு, அரைஞாண் முதலியவற்றையும் அகற்றுக. தோலோடு ஒட்டிய ஆடையைப் பிய்த்தல் ஆகாது. பற்பசையும் தேங்காயெண்ணெயும் மையும் பூசற்க; பனிக்கட்டியும் வைக்கற்க. அவை சூட்டைத் தணியா. தோலை மேலும் கெடுக்கும். பின்னர்த் தூய துணியால் தளர மூடி, குழந்தையின் ஏனைய உடற்பகுதியைக் குளிராமல் போர்த்திக் கொண்டுசெல்க. 1990 என்னும் எண்ணை அழைத்தால் சுவசெரிய அவசர ஊர்தி கட்டணமின்றி வரும். எம் பகுதியினர்க்குப் பேராதனையில் சிறுவர்க்கெனவே அமைந்த சிறிமாவோ பண்டாரநாயக்க வைத்தியசாலை உண்டு.

யார் கடமை

குழந்தைக்குச் சூடு பட்டவுடன் வீட்டார் முதலில் தேடுவது தாயின் மேல் சுமத்த ஒரு பழியை. ‘நீ எங்கே பார்த்துக்கொண்டிருந்தாய்?’ என்று மாமியார் கேட்பார், கணவர் கேட்பார், சில வேளைகளில் வைத்தியசாலைத் தாதியும் கேட்பார். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அரிசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கொழுந்துக் கூடையைத் தூக்கிச் செல்லவேண்டிய நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு பேரின் வேலையை இரண்டு கண்களால் பார்ப்பவளிடம் மூன்றாவது கண் எங்கே என்று கேட்பது அறமன்று. மரத்தட்டியை ஆணி அறைந்து நிறுத்துதலும், மண்ணெண்ணெய்க்கு உயரத்தில் ஒரு பலகை அடித்தலும், சமையல் நேரத்தில் பிள்ளையின் அருகே அமர்தலும் தந்தையால் இயலாதனவல்ல. தோட்டத்துப் பிள்ளை மடுவங்கள் விடியற்காலை தாய் வேலைக்குப் புறப்படும் நேரத்துக்கு ஏற்பத் திறந்திருத்தலும், லயத்துக்கு ஒரு புகைபோக்கியும் ஒரு தடுப்புச் சுவரும் அமைத்தலும் தோட்ட நிருவாகத்தாலும் அரசாலும் இயலாதனவல்ல.

ஆசிரியர்களால் இயல்வதும் ஒன்று உண்டு. கையிலோ கழுத்திலோ பழைய தழும்போடு வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளையை நம்மிற் பலர் கண்டிருக்கிறோம். சட்டைக் கையை இழுத்து மூடிக்கொள்ளும் அப்பிள்ளையிடம் காரணம் கேட்டு நோகச்செய்ய வேண்டா. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் புள்ளிகளைப் பற்றிப் பேசி முடித்தபின் ஒரு கால் மணி நேரம் ஒதுக்குவோம். எல்லைக்கோடு, உள்நோக்கிய பிடி, உயரத்தில் வைத்த போத்தல், இருபது நிமிடக் குளிர்நீர் ஆகிய நான்கை மட்டும் எளிய தமிழில் எடுத்துச்சொல்வோம். தாய்மாரோடு தந்தைமாரையும் அழைத்து அமர்த்திச் சொல்வோம். வீட்டுக்குச் சென்றதும் அன்றே கரிக்கட்டியால் தரையில் ஒரு கோடு இழுக்கச் சொல்லி, பிள்ளைகளுக்கும் அதனை வீட்டுவேலையாகக் கொடுப்போம்.